கை வழியே எழுத்து: பார்வையும் செவியும் குறைந்த பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுத்தர ஒரு முழு வழிகாட்டி

"மொதல்ல சாப்பிடக் கத்துக்கட்டும், பாத்ரூம் போகக் கத்துக்கட்டும். படிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம் டீச்சர்." கண்ணும் காதும் ஒருசேரக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் காதில் விழும் பதில் இதுதான். வடசென்னையில் தண்டையார்பேட்டையோ கொருக்குப்பேட்டையோ, பேச்சு மாறுவதில்லை. அந்த 'அப்புறம்' வருவதும் இல்லை. பிள்ளைக்குப் பத்து வயதாகும், பன்னிரண்டாகும். யாரும் அதன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சாப்பிடுவதையும் குளிப்பதையும் முடித்துவிட்டுப் படிப்புக்கு வர வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் குளிக்கிற மக்கிலிருந்துமே படிப்பைத் தொடங்கலாம். ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கும் என்று பிள்ளைக்குப் புரிந்த அன்றே எழுத்தறிவு தொடங்கிவிட்டது. அங்கிருந்து எழுத்து வரை எப்படிப் போவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அம்மா, அப்பா, வகுப்பு ஆசிரியர், வீட்டுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு பையனை மனதில் வைத்துக்கொள்வோம். காசிமேட்டில் வீடு, வயது ஏழு. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. மிக அருகில் எழும் உரத்த சத்தம் கொஞ்சம் கேட்கிறது. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர்.

படி 1: மிச்சம் இருப்பதைக் கண்டுபிடியுங்கள்

'கண்ணும் தெரியாது, காதும் கேக்காது' என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலருக்குக் கொஞ்சம் பார்வையோ கொஞ்சம் செவியோ மிச்சம் இருக்கும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் பரிசோதனை செய்து அறிக்கை வாங்கி வையுங்கள். அது அவசியம். ஆனால் அறிக்கை எண்களைத்தான் சொல்லும். மதியம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் தட்டில் இருக்கும் மஞ்சள் எலுமிச்சையைக் கை நீட்டி எடுக்கிறானா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்க்கிறான்? நிற்கிற பொருளைவிட ஆடுகிற பொருளைச் சீக்கிரம் கவனிக்கிறானா? சிவப்பு, மஞ்சள் பிடிக்கிறதா? பூப்போட்ட பாயில் வைத்த பொருளைத் தவறவிட்டு, வெறும் கறுப்புத் துணியில் வைத்தால் எடுக்கிறானா? மூளையில் பார்வையைப் புரிந்துகொள்ளும் பகுதி பாதித்த பிள்ளைகள் பலர் இப்படித்தான் பார்ப்பார்கள். கண் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை சொல்லும், பிள்ளையோ பாராததுபோல இருக்கும்.

அதிர்வையும் விடாதீர்கள். கொருக்குப்பேட்டை தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் சரக்கு ரயில் போகும்போது தரை நடுங்கும். காது கேளாத பிள்ளை அதைக் காலில் உணர்ந்து திரும்பினால், 'ரயில்' என்ற சொல்லுக்கு உரிய அனுபவம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

காது மிஷின் போட்டிருந்தால் தினமும் காலையில் பேட்டரியைப் பாருங்கள். கடல் காற்றின் ஈரமும் உப்பும் அதற்கு ஆகாது. ராத்திரி கழற்றியதும் பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். வேலை செய்யாத மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதை அடைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறோம் என்பதே பல நேரம் நமக்குத் தெரிவதில்லை.

காரணம் தெரிந்தால் திட்டம் மாறும் என்பதால் அதையும் கேட்டு வையுங்கள். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்கு ருபெல்லா வந்தால் பிள்ளைக்குக் கண்புரையும் காது கேளாமையும் சேர்ந்து வரலாம். (தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி 2017 பிப்ரவரியில்தான் பெரிய அளவில் போடப்பட்டது.) அஷர் நோய்க்குறி வேறு விதம். பிறவியிலேயே காது கேட்காது அல்லது குறைவாகக் கேட்கும், கண் பின்னால் மங்கும். காது கேளாதோர் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளை, பொழுது சாய்ந்ததும் சந்தில் தடுமாறினால், கரண்ட் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தால், பயம் என்று விட்டுவிடாமல் விழித்திரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பார்வை இருக்கும்போதே பிரெய்லி (விரலால் தடவிப் படிக்கும் மேட்டுப் புள்ளி எழுத்து) தொடங்க வேண்டும்.

படி 2: கைக்குக் கீழே கை

பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைப்பதுதான் நமக்கு எளிதாக வருவது. வேண்டாம். இந்தப் பிள்ளைக்குக் கைதான் கண், கைதான் காது, பல நேரம் வாயும் அதுதான். அதைப் பிடித்து இழுத்தால் பிள்ளை கையை மூடிக்கொள்ளும், பிறகு எதையும் தொடாது. உங்கள் கை கீழே இருக்கட்டும், பிள்ளையின் கை அதன்மேல் தளர்வாகப் படியட்டும். உங்கள் கை வலையைத் தடவும்போது மேலே இருக்கும் கைக்கு அந்த அசைவு தெரியும். வேண்டாமென்றால் அவன் கையை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் விட்டுவிடுங்கள்.

வருகிறவர் யார் என்று தெரியாமல் எந்தப் பிள்ளையும் பாடம் கேட்காது. ஆளுக்கு ஓர் அடையாளம் வையுங்கள். அம்மாவுக்கு வளையல், பாட்டிக்கு மூக்குத்தி, எனக்குக் கைக்கடிகாரம். தோளைத் தொட்டு, அடையாளத்தைத் தொடக் கொடுத்து, பிறகுதான் வேலை. போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திடீரென்று மறைந்துபோகும் மனிதர்களை யார்தான் நம்புவார்கள்?

படி 3: பொருளே முதல் சொல்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொருள். வேலை தொடங்கும் முன் அது பிள்ளையின் கைக்கு வரும். குளியலுக்கு மக், வெளியே போகச் செருப்பு, சாப்பாட்டுக்கு அவன் ஸ்பூன். நெதர்லாந்தில் யான் வான் டைக் என்பவர் செவியும் பார்வையும் குறைந்த பிள்ளைகளிடம் வளர்த்தெடுத்த முறைகளில் இதுவும் ஒன்று. இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பஸ்ஸுக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பஸ் பொம்மையைக் கொடுப்பார்கள். கண் தெரிகிறவர்களுக்குத்தான் அது பஸ். கையில் அது நான்கு சக்கரம் வைத்த சின்னப் பெட்டி, அவ்வளவுதான். அவன் அறிந்த பஸ், அவன் இறுகப் பிடித்து நிற்கும் குளிர்ந்த இரும்புக் கம்பி. ஒரு சாண் ஸ்டீல் குழாய்தான் அவனுக்குப் பஸ். ஆட்டோவுக்குச் சீட்டின் ரெக்ஸின் துண்டு. அண்ணனோடு கேரம் ஆடும் இடத்துக்கு ஸ்ட்ரைக்கர். இந்தப் பிள்ளையின் கை அந்த வேலையில் எதைத் தொடுகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருளோடு சொல்லும் வரட்டும். சத்தமாகச் சொல்லுங்கள், கையில் சைகையும் செய்யுங்கள். சைகை செய்யும் உங்கள் கைகளின் மேல் அவன் கைகள் இருக்கட்டும்.

படி 4: டப்பா வரிசை

ஐந்தாறு ஒரே அளவு டப்பாக்களை இடமிருந்து வலமாக வையுங்கள். அன்றைக்கு நடக்கப்போகும் வேலைகளுக்கான பொருள்கள் வரிசையாக அவற்றில். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் பொருளைப் பிள்ளையே எடுத்து 'முடிந்தது' கூடையில் போடட்டும். பத்துக்குப் பத்து வீட்டில் டப்பாவுக்கு இடமில்லை என்றால், கதவில் மாட்டும் பை வரிசை போதும்.

இதில் படிப்பு எங்கே என்று கேட்பார்கள். இடமிருந்து வலம் போகும் வழக்கம் இங்கேதான் வருகிறது. இது முடிந்தால் அது என்ற கதையின் ஒழுங்கும், நேற்று, நாளை என்ற காலமும் வருகின்றன. இன்று பீச் இல்லை என்று செருப்பு டப்பா காலியாக இருப்பதைத் தடவிப் பார்த்து அவன் அழுதால், சந்தோஷப்படுங்கள். அவன் படித்துவிட்டான்.

சில மாதங்களில் முழுப் பொருளைத் துண்டாக்குங்கள். முழுச் செருப்புக்குப் பதில் ஒரு வார் மட்டும் அட்டையில் ஒட்டியது. பிறகு அதன் கீழே எழுத்து. பொருளிலேயே ஆண்டுக்கணக்காக நின்றுவிடுவது, நேரே எழுத்துக்குத் தாவுவதைப்போலவே கெடுதல்.

படி 5: பிள்ளையின் சொந்தப் புத்தகம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அச்சிட்ட கதைப்புத்தகத்தில் சிங்கமும் முயலும் வரும். நம் பையன் இரண்டையும் தொட்டதில்லை, கேட்டதில்லை. படத்தின் ஓரத்தில் ஊசியால் குத்தி மேடாக்கிக் கொடுத்தாலும் அது அவனுக்குச் சிங்கம் ஆகாது. அவன் கை அறிந்த ஒன்றைப் பற்றித்தான் அவன் முதல் புத்தகம் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பா வீட்டில் இருப்பார், வலை பழுது பார்ப்பார். புத்தகம் செய்ய இதைவிட நல்ல காலம் கிடைக்காது. ஒரு காலை முழுக்கப் பையன் அப்பாவின் மடிப்பக்கம் உட்காரட்டும். அப்பா கையின்மேல் அவன் கை. கிழிந்த இடத்தைத் தேடுவது, நூலை இழுப்பது, முடிச்சுப் போடுவது, பல்லால் கடித்து அறுப்பது. போகிற போக்கில் கைக்குக் கிடைப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள். கிழிந்த வலைத் துண்டு, நூல், ஒரு மிதவை, ஐஸ் பெட்டியின் தெர்மாகோல், அப்பா குடித்த டீயின் பேப்பர் கப்.

சாயங்காலம் புத்தகம். தினசரி நாட்காட்டியின் பின் அட்டை அல்லது பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒரே அளவாக வெட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், ஒரே ஒரு வரி. பொருளை மேலே தைத்தோ கட்டியோ வையுங்கள். பசை போட்டால் பிய்த்துவிடுவான், வாயிலும் வைப்பான், சின்னப் பொருள் என்றால் ஆபத்து. வரி கீழே, தடித்த கறுப்பு மையிலும் பிரெய்லியிலும். ஓரத்தில் துளையிட்டுக் கேபிள் டையால் சேர்த்துவிடலாம். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஒரு ஐஸ்கிரீம் குச்சித் துண்டு ஒட்டினால் புரட்ட எளிது. மழைக்காலத்தில் துணிக்கடை பிளாஸ்டிக் கவருக்குள் வையுங்கள், இல்லையென்றால் அட்டை ஊறிப்போகும்.

வரிகள் இப்படி இருக்கட்டும்:

வலை கிழிஞ்சிபோச்சி.
அப்பா நூல் எடுத்தாரு.
நான் இழுத்தேன்.
அப்பா டீ குடிச்சாரு.

பேச்சுத்தமிழா என்று வகுப்பு ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. காது கேட்கும் பிள்ளை, டி.வி. செய்தியிலும் கோயில் மைக்கிலும் தலைவர் பேச்சிலும் எழுத்துத்தமிழைக் காதில் வாங்கிக்கொண்டே வளர்கிறது. பள்ளிக்கு வரும்போது 'குடித்தார்' அதற்குப் புதிதில்லை. இந்தப் பிள்ளைக்கு வீட்டில் கைவழியாகச் சொன்னது மட்டும்தான் மொழி. அதே மொழி எழுத்தில் வந்தால்தான், நாம் சொல்வதே இங்கே எழுதியிருக்கிறது என்று பிடிபடும். பத்துப் பதினைந்து புத்தகம் ஆன பிறகு, அதே கதையை 'வலை கிழிந்துவிட்டது' என்று இரண்டாவது முறை செய்யுங்கள். அப்போது அது புதுப் பாடமாக இருக்கும், புதிராக இருக்காது.

படிக்கும் விதமும் முக்கியம். ஒரு பக்கத்தைத் திறந்து, பொருளைத் தொட்டு, வரியின்மேல் விரலை இடமிருந்து வலமாகக் கூட்டிப்போய், பிறகு சும்மா இருங்கள். அவன் ஏதாவது செய்யும்வரை காத்திருங்கள். வலையை முகர்ந்து பார்ப்பான், நூலை இழுப்பான், இழுத்த சைகையைத் திரும்பச் செய்வான். அதைப் பிடித்துக்கொண்டு நீங்களும் செய்யுங்கள். நிறைய நேரம் அவன் பதிலுக்கு முன்பே நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அதே புத்தகத்தைத் தினமும் கேட்டால் தினமும் கொடுங்கள்.

படி 6: அச்சா, பிரெய்லியா, இரண்டுமா

கொஞ்சம் பார்வை இருந்தாலே பெரிய அச்சுப் போதும் என்பார்கள். ஒரு வரி படித்ததும் கண்ணைக் கசக்குகிறானா, நெற்றி நோட்டில் இடிக்கிறதா, பார்வை இனி குறையுமென்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றால் இரண்டையும் சேர்த்துத் தொடங்குங்கள். பிரெய்லி கற்றால் பார்வை சோம்பிவிடும் என்பது வெறும் பேச்சு.

அச்சில் தமிழுக்கென்று சில கண்ணிகள் உண்டு. குறைந்த பார்வைக்கு முதலில் காணாமல்போவது புள்ளி. 'க'வும் 'க்'கும் ஒன்றாகிவிடும். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் ஒரு சின்னக் கோட்டிலோ சுழியிலோ இருக்கின்றன. ண, ன இரண்டும் வளைவுக் கணக்கில்தான் பிரிகின்றன. ஆகவே எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. புள்ளியைத் தடிமனாக வையுங்கள், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி விடுங்கள், பளபளக்கும் காகிதத்தைத் தவிர்த்து இளமஞ்சள் காகிதத்தில் கறுப்பு ஸ்கெட்சால் எழுதுங்கள்.

பிரெய்லியில் தமிழ் எவ்வளவு எளிது என்று பலருக்குத் தெரியாது. அச்சில் 'கொ' என்றால் ஒற்றைக் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், எழுத்து நடுவில். பிரெய்லியில் க, அதையடுத்து ஒ, முடிந்தது. பிரெய்லியில் ஒவ்வொரு குறியும் ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள ஒரு கட்டம். மெய்யெழுத்துக்கு முன்னால் 4ஆம் புள்ளி (மேல் வலப் புள்ளி) மட்டும் உள்ள ஒரு கட்டம் வந்தால் அது புள்ளி வைத்த எழுத்து. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, புள்ளிக்கு ஒரு குறி. இந்த 32 குறிகள் தெரிந்தால் 247 எழுத்தையும் எழுதிவிடலாம். வடமொழி எழுத்துகளுக்குச் சில குறிகள் கூடுதல். 247 கட்டம் போட்ட சார்ட்டைச் சுவரில் மாட்டி மலைத்துப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

'அ'வில் தொடங்கி வரிசையாகப் போகவும் வேண்டாம். அவன் பெயர், அம்மா, அப்பா, வலை, டீ. இவைதான் முதல் பாடம்.

படி 7: விரல் பழகுவது

பிரெய்லியின் ஆறு புள்ளிக் கட்டத்தைப் புரியவைக்க முட்டைக் கடை அட்டை ட்ரே போதும். 30 முட்டை ட்ரேயை மூன்று குழி உயரம், இரண்டு குழி அகலமாக வெட்டினால் நான்கு கட்டம் தேறும். எலுமிச்சையோ பிங்பாங் பந்தோ வையுங்கள். மேல் இடக் குழியில் ஒன்று வைத்தால் 'அ'. அதோடு கீழ் இடக் குழியிலும் ஒன்று வைத்தால் 'க'. இடப்பக்கம் மூன்றும் நிரம்பினால் 'ல'.

ஆனால் இந்த விளையாட்டில் அதிக நாள் தங்காதீர்கள். புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு வேகம் வராது. விரல் நுனி முழு வடிவத்தையும் ஒரே தடவலில் உணர வேண்டும், அதற்கு உண்மையான அளவுப் பிரெய்லிதான் வேண்டும். நூலை அட்டையில் நேராக ஒட்டி, அதன்மேல் இரண்டு கைவிரல்களும் அழுத்தாமல் நகரப் பழக்குங்கள். நடுவில் ஒரு துவரம்பருப்பு ஒட்டி, அதைக் கண்டுபிடித்தால் நிற்கச் சொல்லுங்கள். அதற்கடுத்து நேரே அவன் பெயர்.

வீட்டிலும் பெயர் ஒட்டுங்கள். சர்க்கரை டப்பா, தண்ணீர்க் குடம், அவன் அலமாரித் தட்டு. அம்மாவுக்குப் பிரெய்லி தெரிந்திருக்க வேண்டாம், எந்த அட்டை எதற்கென்று தெரிந்தால் போதும்.

காது கேளாத பிள்ளைக்குத் தமிழில் பெரிய சிக்கல் சொல்லின் வால். வலையை, வலைக்கு, வலையில் எல்லாம் உதட்டிலும் கையிலும் ஒன்றுபோலவே கழன்றுவிடும். வலையையும் ஒரு மீன் பொம்மையையும் எடுத்துச் செய்தே காட்டுங்கள். மீனை உள்ளே போட்டு 'வலையில்', வலையை இழுத்து 'வலையை'. 'இல்', 'ஐ' என்ற வால்களை மட்டும் தனி அட்டையில் எழுதி, சொல்லோடு சேர்த்துப் பிரித்துக் காட்டுங்கள். மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு இலக்கணம் சொல்லித்தராதீர்கள்.

படி 8: எழுதுவது

பிரெய்லியை எழுத்தாணியால் பலகையில் குத்தும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பமாகக் குத்த வேண்டும். பல குறைபாடுகள் சேர்ந்த பிள்ளைக்கு முதலிலேயே இது வேண்டாத சுமை. பெர்கின்ஸ் பிரெய்லித் தட்டச்சுக் கருவி கிடைத்தால், எழுதுவதும் படிப்பதும் ஒரே திசையில் வரும், அடித்த உடனே தடவிப் பார்க்கலாம்.

விரலால் அழுத்த முடியாத பிள்ளையும் எழுதலாம். நேற்று நடந்ததில் எதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு பொருள் நீட்டுங்கள். அவன் எடுத்ததை வைத்து நீங்கள் வரி எழுதுங்கள், அவனுக்கே படித்துக் காட்டுங்கள். அது அவன் எழுதியது. மீன் மார்க்கெட்டைப் பற்றி எழுதுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க, அவன் டீ கப்பை எடுத்தால் டீயைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கிறுக்குவதும் வேண்டும். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பித் துண்டை அட்டையில் ஒட்டி, ஓரத்தை டேப்பால் மூடி, மேலே காகிதம் வைத்துக் க்ரேயானால் கிறுக்கினால் கோடு மேடாகத் தெரியும். தான் போட்ட கோட்டைத் தானே தடவிப் பார்க்கிற பிள்ளை அந்தக் காகிதத்தை லேசில் விடாது.

படி 9: பள்ளிக்கூடம்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பல்வகைக் குறைபாடுகளின் கீழ் செவி-பார்வைக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. பார்வையற்ற, செவித்திறனற்ற, இரண்டுமற்ற பிள்ளைகளுக்கு அவர்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. எதற்கும் யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை) வேண்டும், அதை முதலில் வாங்கிவிடுங்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தரச் சொல்லி உங்கள் பகுதி வட்டார வள மையத்தில் எழுதிக் கொடுங்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எண்ணூரிலிருந்து போய்வர ஒரு முழு நாள் போய்விடும், ஆனாலும் ஒருமுறை முழு மதிப்பீடு செய்துகொண்டு வருவது நல்லது.

வகுப்பு ஆசிரியரிடம் பெரிதாக எதையும் கேட்காதீர்கள். ஜன்னல் அவன் முதுகுப்பக்கம் இருக்கட்டும், தினமும் ஒரே இடம், காலையில் தோளைத் தொட்டு ஆசிரியர் தன் அடையாளத்தைக் காட்டட்டும், அவன் புத்தகத்தை வாரம் ஒருநாள் வகுப்பு முழுக்கக் கைமாற்றிப் பார்க்கட்டும். கடைசியில் சொன்னதுதான் அதிகம் பலிக்கும். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கைமொழி பழகிவிடுவார்கள், சமயத்தில் வகுப்பில் பேசக் கூடாத நேரத்தில் பேசவும் அதைப் பயன்படுத்துவார்கள்.

முன்னேற்றத்தை மதிப்பெண்ணில் தேடாதீர்கள். இன்று புத்தகத்தைத் தானே எடுத்தானா, சரியான பக்கம் திருப்பினானா, தன் பெயர் அட்டையை மூன்றில் ஒன்றாக அடையாளம் கண்டானா என்று தேதி போட்டு எழுதுங்கள். பொதுத்தேர்வு வரை போகும் பிள்ளைக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தொடங்கும்வரை காத்திருக்காமல், ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைச் சேர்த்து வைத்துவிடுங்கள்.